‘தட்’டைத் தேடுவதா, வினையை எண்ணுவதா?

அக்காவின் மகளுக்கு இந்த வருசம் ஓ.எல். பரீட்சை. இங்கிலீசில் கிளோஸ், அதாவது தனக்கென்று ஒரு வினையோடு வசனத்துக்குள் நிற்கும் துண்டு, என்றாலே அவளுக்குக் காய்ச்சல் வரும், அதனால் ஒரு மாதமாகத் திருகோணமலை உவர்மலை வீட்டு விறாந்தையில் நான்தான் வாத்தியார். கிளோஸைக் கண்டுபிடிக்க இரண்டு வழியிலும் சொல்லிக் கொடுத்துப் பார்த்தாயிற்று.

ஒன்று, ரியூசனில் கொடுக்கும் பட்டியல். ஹூ, விச், தட் வந்தால் பெயரை விளக்கும் அட்ஜெக்டிவ் கிளோஸ், வென், பிகோஸ் வந்தால் எப்போது, ஏன் என்று வினையை விளக்கும் அட்வேர்ப் கிளோஸ். இரண்டு நாளில் பாடமாகிவிடும், சின்னக் கேள்விகளுக்குப் போதும்.

மற்றது, வினையை எண்ணுவது. காலம் காட்டும் வினை எத்தனையோ அத்தனை கிளோஸ். டு கோ, கோயிங் கணக்கில் இல்லை. ‘ஹேஸ் பீன் வெயிட்டிங்’ மூன்று சொல்லானாலும் ஒரு வினைதான். நான் இந்தப் பக்கம். ஏனென்றால் பட்டியல் சொல் ஆளை ஏமாற்றும், சில நேரம் வராமலே இருந்துவிடும். ‘ஐ நோ வென் த போட் லீவ்ஸ்’ என்று மூதூர் போட்டை வைத்து எழுதிக் கொடுத்தேன், வென்னைக் கண்டதும் அட்வேர்ப் என்று கோடு போட்டாள். என்ன தெரியும் என்று ‘நோ’விடம் கேட்டால் போட் எப்போது வெளிக்கிடும் என்பதுதானே பதில், அப்படியென்றால் அது பெயர்ச்சொல்லின் இடத்தில் நிற்கும் நவுன் கிளோஸ். ‘ஐ நோ ஷி கேம்’ இல் பட்டியல் சொல்லே கிடையாது, வினை மட்டும் இரண்டு.

நமக்கு இது இடறும் இடம் வேறு. ‘நேற்று வாங்கின மீன் பழுதாப் போச்சு’ என்பதில் முற்று ஒன்றுதான், ‘வாங்கின’ எச்சமாக மீனுக்கு முன்னால் ஒட்டிக்கொள்ளும். அதை அவள் ‘யெஸ்டர்டே பொட் ஃபிஷ்’ என்று அப்படியே தூக்கி வைத்திருந்தாள். வினையைக் காட்டச் சொன்னேன். காட்டிவிட்டு, “வாங்கினது ஆர் மாமா? ஆளைக் காணேல்லையே” என்றாள். அப்புறம்தான் ‘த ஃபிஷ் தட் வி பொட் யெஸ்டர்டே’ வந்தது, மீனுக்குப் பின்னால், எழுவாயோடு.

என் வழியும் வழுக்கும். ‘த பிரிஜ் ஓப்பன்ட் இன் 2009 இஸ் இன் கிண்ணியா’ என்பதில் அவள் இரண்டு வினை என்றாள், நானும் தலையாட்டிவிட்டேன். தேத்தண்ணி குடிக்கும்போதுதான் உறைத்தது, அந்த ‘ஓப்பன்ட்’ நம்முடைய ‘திறக்கப்பட்ட’ போல வெறும் எச்சம்.

நான் பார்த்தது ஒரு பிள்ளையோடுதான். நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் ஒவ்வொருத்தரிடமும் ஆர், எது என்று கேட்டுக்கொண்டிருக்க முடியாது, அங்கே பட்டியல்தான் ஓடும் போல. அவளிடமும் பட்டியலைக் கிழிக்கச் சொல்லவில்லை, கிளோஸின் பெயரை எழுதச் சொன்னால் அது வேண்டும். முதலில் வினைக்குக் கீழே சிவப்புக் கோடு, பட்டியல் அதற்குப் பிறகு.