கப் உப்புமாவா, வாணலி உப்புமாவா?

எடையைக் குறைக்க நினைப்பவருக்கு, வெந்நீர் ஊற்றிச் சில நிமிடம் மூடிவைத்தால் தயாராகும் கப் உப்புமாவின் பெரிய பலம் அளவுதான். கப் காலியானால் சாப்பாடு முடிந்தது. வாணலியில் மிச்சமிருப்பதை வழித்துப் போட்டுக்கொள்ள வழியில்லை.

ஆனால் அட்டையை உற்றுப் பாருங்கள். 100 கிராமுக்கு 400 கலோரி என்று இருந்தால், 80 கிராம் கப்பில் 320. எண்ணெய் ரவையோடு முன்பே சேர்ந்துவிட்டதால் குறைக்க முடியாது, அதுவும் பெரும்பாலும் பாமாயில். ஒரு கப்பில் சோடியம் 800 மி.கி. என்றால் 2.5ஆல் பெருக்குங்கள்: 2 கிராம் உப்பு. உலக சுகாதார நிறுவனம் நாள் முழுவதற்கும் சொல்வதே 5 கிராமுக்குள்தான். மறுநாள் உங்கள் எடையைத் தராசு கூடுதலாகக் காட்டினால், அதில் உப்பு பிடித்துவைத்த நீரும் உண்டு.

வீட்டில் 40 கிராம் ரவை, 1 டீஸ்பூன் எண்ணெய், 100 கிராம் கேரட், பீன்ஸ்: சுமார் 220 கலோரி, தட்டும் நிறையும். ரவையை வெறும் வாணலியில் வறுத்து, 3 பங்கு தண்ணீர் வையுங்கள். காலை வாருவது எண்ணெய். பாட்டிலை அப்படியே சாய்த்தால் 3 டீஸ்பூன் விழுந்துவிடும், அதாவது 90 கலோரி கூடுதல். தேங்காய்ச் சட்னி தனிக் கணக்கு!

ரயில் பயணத்துக்கும் இரவு ஷிஃப்டுக்கும் கப் போதும். புரதம் இரண்டிலுமே குறைவு. அவித்த முட்டை ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்.