சிறு அறுவைக்கு முதுகு ஊசி: எந்த மருந்து சீக்கிரம் விடும்?

அறுவை அரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. ஆனால் கால் மரப்பு விட நாலு மணி நேரம் ஆகிறது. அன்றே வீடு திரும்ப வேண்டியவருக்கு இது பெரும் அவஸ்தை. முதுகுத்தண்டில் போடும் மருந்துகளில் வலியை அடக்காதது எதுவும் இல்லை. எப்போது விடுகிறது என்பதில்தான் வித்தியாசமே.

பியூபிவகெய்ன் எல்லோருக்கும் கை பழகிய மருந்து. அளவை 5 முதல் 7.5 மி.கி. வரை குறைத்தால் சீக்கிரம் விடும்தான், ஆனால் மரப்பு போதாமல் போகும் ஆபத்தும் கூடுகிறது. யாருக்கு எப்போது விடும் என்று கணிப்பதும் கடினம். சிறுநீர் போக முடியாமல் காத்திருப்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

லிடோகெய்ன் நேரக் கணக்குக்குக் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் மரப்பு விட்ட ஒரு நாளுக்குள் புட்டத்திலும் தொடையிலும் வலி தொடங்கி, சில நாள் நீடிப்பதாக 1993-இல் தகவல்கள் வெளியாயின. தானாகவே சரியாகிவிடும் என்றாலும், முழங்கால் ஆர்த்ரோஸ்கோப்பியிலும் (மூட்டுக்குள் சிறு கேமரா விட்டுச் செய்யும் அறுவை), கால்களைத் தூக்கி வைத்துச் செய்யும் அறுவைகளிலும் இது அதிகம். அன்றே வீடு திரும்பும் அறுவைகளில் பல இவைதானே!

குளோரோபுரோகெய்ன் கதை வேறு. 1980-களில், எபிடியூரலுக்காக (தண்டுவட உறைக்கு வெளியே மருந்து செலுத்தும் முறை) செலுத்திய பெரிய அளவு மருந்து தவறுதலாகத் தண்டுவட நீருக்குள் போய்ச் சிலருக்கு நரம்பு பாதிக்கப்பட்டது. அதிலிருந்த சோடியம் பைசல்பைட் என்ற பதப்பொருள் மீதும் மருந்தின் அமிலத்தன்மை மீதும் சந்தேகம் விழுந்தது. பதப்பொருள் இல்லாத வடிவம் வந்தபின் மருந்தும் திரும்பி வந்தது. அமெரிக்காவில் முதுகு ஊசிக்கென 2017-இல் அனுமதி கிடைத்தது. 40-50 மி.கி. போட்டால் சுமார் 40 நிமிட அறுவைக்குத் தாங்கும். பெரும்பாலோர் இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் எழுந்து நடக்கிறார்கள். லிடோகெய்ன் தரும் அந்தத் தொடை வலி இதில் அபூர்வம். நேரம் நீண்டால் மட்டும் இது கைவிட்டுவிடும்.

அப்புறம் பிரிலோகெய்ன். 40-60 மி.கி. போட்டால் ஒரு மணி நேரம், சற்றுக் கூடுதலாகவும் தாங்கும். அதிக அளவு மருந்து போட்டால் ரத்தத்தில் மெத்திமோகுளோபின் (ஆக்சிஜனைச் சுமக்க முடியாத ஹீமோகுளோபின்) ஏறும் என்ற பயம், இந்தச் சிறு அளவுக்குப் பெரிதாகப் பொருந்தாது.

கிடைக்கும் இடத்தில், 40 நிமிடத்துக்குள் முடியும் என்று அறுவை மருத்துவர் உறுதியாகச் சொன்னால் என் தேர்வு குளோரோபுரோகெய்ன். அவர் தயங்கினால் பிரிலோகெய்ன். ஒன்று மட்டும் மறக்கக் கூடாது: குளோரோபுரோகெய்ன் விட்ட வேகத்திலேயே வலியும் வந்துவிடும், அதனால் மரப்பு இருக்கும்போதே வலி மருந்தைக் கொடுத்துவிட வேண்டும்.