கறுப்புக் காரும் பொலிஷ் மெசினும்: இரண்டரை வருடம் கழித்து

போன வாரம் காரின் பெயின்ட்டைப் பொலிஷ் செய்யும் என் மெசினுக்கு, மோட்டாருக்குள் மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ் இரண்டையும் மாற்றினேன். பழையவை தேய்ந்து சுண்டுவிரல் நகத்தளவுக்கு வந்திருந்தன. அதே இரவு பண்டாரவளையிலிருந்து தங்கச்சியின் கணவர் பேசினார். இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்த பிறகு வந்த கறுப்புக் கார் ஒன்றை எடுத்திருக்கிறார். "மச்சான், பொனட் பூரா சிலந்தி வலை மாதிரி கோடு விழுந்திருக்கு. நீங்க வச்சிருக்கிற மாதிரி மெசின் ஒண்ணு வாங்கி நானே பண்ணிடலாமா?" என்று கேட்டார். அரை மணி நேரம் பேசியும் முடியவில்லை. மிச்சத்தை எழுதிவிடுகிறேன், வேறு யாருக்காவது உதவும்.

என்னுடையது டியூவல் ஆக்‌ஷன் மெசின், 15 மில்லிமீட்டர் வீச்சு, 5 அங்குலத் தட்டு. தட்டு சுழன்றுகொண்டே ஆடும், அந்த ஆட்டத்தின் அகலம்தான் வீச்சு. டுபாயிலிருந்து வந்த நண்பர் கொண்டுவந்து தந்தார். ஜப்பான் பழைய சாமான் கடைகளில் இதே மாதிரி மெசின்கள் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அவை 100 வோல்ட். நம் வீட்டு 230 வோல்ட்டில் நேரே சொருகினால் அத்தோடு முடிந்தது. வாங்குவதற்கு முன் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள்.

என் காரில் கோடுகள் இருப்பதே எனக்கு வெகுநாள் தெரியாது. நான் இருக்கும் மலைநாட்டு ஹட்டனில் வருடத்தில் பாதி நாள் மூட்டமும் மழையும்தான். மூட்ட வெளிச்சம் எல்லாப் பக்கமும் பரவி வருவதால் கறுப்புக் கார் கண்ணாடி மாதிரித் தெரியும். 2022 டிசம்பரில் கொழும்புக்குப் போக வேண்டியிருந்தது. கினிகத்தேனை, கித்துல்கல எல்லாம் தாண்டி அவிசாவளையில் தேநீர் குடிக்க இறங்கினேன். உச்சி வெயில். பொனட்டில் சூரியன் விழுந்த இடத்தைச் சுற்றி வட்டம் வட்டமாக ஆயிரம் கோடுகள். அந்தத் தேநீரை நான் நின்றபடியே, அதைப் பார்த்துக்கொண்டே குடித்தேன். இறக்குமதி நின்றிருந்த காலம் அது, வேறு கார் மாற்ற வழியில்லை. இருக்கிற காரைப் பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொள்கிறோம் என்று நம்பியிருந்தேன்.

உண்மையில் கோடுகள் வட்டமாக இல்லை. எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. வெளிச்சப் புள்ளியைச் சுற்றி வளைந்து கிடப்பவை மட்டும் நம் கண்ணுக்கு ஒளியைத் திருப்பி அனுப்புவதால் வட்டமாகத் தெரிகிறது. அதனால் நம் ஊரில் பொலிஷ் வேலையைத் திட்டமிடுகிறவர் முதலில் வாங்க வேண்டியது நல்ல டோர்ச் லைட். இருட்டிய பிறகு ஒரு முழ தூரத்தில் பிடித்துப் பாருங்கள். மூட்டத்தை நம்பி "சரியாகிவிட்டது" என்று மெசினை நிறுத்தினால், கீழ்நாட்டுக்கு இறங்கும் நாளில் மறுபடி அவிசாவளைதான்.

அந்தக் கோடுகளைப் போட்டது யார்? நானேதான். காலையில் கார் பனியில் நனைந்து நிற்கும். டிக்கியில் கிடக்கும் துணியை எடுத்து ஒரு இழுப்பு. ஹட்டன் டவுனில் காலை ஆறு மணிக்கு நின்று பாருங்கள், பத்தில் எட்டு டிரைவர்கள் இதைத்தான் செய்வார்கள். பனிக்கு அடியில் முந்தின நாள் தோட்டத்து ரோட்டுச் சேறு நுண்ணிய மணலாகக் காய்ந்திருக்கும். துணி அதைத்தான் பெயின்ட் மேல் தேய்க்கிறது. சேர்விஸ் ஸ்டேஷனில் டயரைத் துடைத்த அதே ஸ்பொஞ்சு பொனட்டுக்கு வருவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அவிசாவளைக்குப் பிறகு முதலில் ஒரு கடையில் கட் அண்ட் பொலிஷ் செய்யக் கொடுத்தேன். எந்தக் கடை என்று சொல்லப் போவதில்லை. எடுக்கும்போது மின்னியது. நாலு கழுவு தாண்டியதும் பழைய கோடுகள் எட்டிப் பார்த்தன, கூடவே புதிதாக வில் வில்லாக நிழல் கோடுகள். பழையவற்றை எண்ணெய்ப் பசையால் நிரப்பி மூடியிருக்கிறார்கள், ஆட்டமில்லாமல் சுழல மட்டும் செய்யும் ரோட்டரி மெசினை வேகமாக ஓட்டிப் புதியவற்றையும் பதித்திருக்கிறார்கள். அந்தக் கோபத்தில்தான் மெசின் வாங்கினேன்.

இனி தங்கச்சி வீட்டுக்காரருக்கு நேரே. நிறத்துக்கு மேலே இருக்கும் கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சு பெரும்பாலான கார்களில் 35 முதல் 50 மைக்ரோன் வரைதான். தலைமுடி ஒன்று சுமார் 70 மைக்ரோன். பொலிஷ் என்றால் அந்த மெல்லிய படலத்தைச் சீவி, கோட்டின் அடிமட்டத்துக்குக் கொண்டுவருவது. சீவியது திரும்பி வளராது. ஆகவே நகம் தட்டுப்படும் கீறலை விட்டுவிடுங்கள், அதைத் துரத்தாதீர்கள். நான் டிரைவர் பக்கக் கதவில் ஒன்றைத் துரத்தினேன். அது இன்றும் இருக்கிறது, சுற்றியுள்ள கிளியர் கோட்தான் மெலிந்துவிட்டது. இந்த வேலையில் நான் இன்னமும் வருந்துவது அது ஒன்றுக்காகத்தான்.

கழுவியதும் கிளே பார் என்ற களிமண் மாதிரிக் கட்டியால் தேய்த்து ஒட்டியிருக்கும் துகள்களை எடுங்கள். கறுப்புப் பிளாஸ்டிக் ஓரங்களுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள், வெள்ளை பொலிஷ் அங்கே ஏறினால் லேசில் போகாது. பிறகு பொனட்டில் இரண்டு அடிக்கு இரண்டு அடி இடம் மட்டும் பரீட்சைக்கு. மென்மையான பேட் (தட்டில் ஒட்டும் ஸ்பொஞ்சு), நுண்ணிய பொலிஷ், அதிலிருந்து தொடங்குங்கள். நான் தலைகீழாகச் செய்தேன். அதிகம் சீவும் கட்டிங் பேட்டில் தொடங்கியதால் என் காரின் மென்மையான கறுப்புப் பெயின்ட் முழுக்கப் புகை படிந்த மாதிரி ஆகிவிட்டது, அதை எடுக்க இன்னொரு நாள். பட்டாணி அளவில் நாலு சொட்டு பொலிஷ், மெசினின் ஆறு வேக எண்களில் நாலு அல்லது ஐந்து, செக்கனுக்கு ஓர் அங்குலம் நகர்த்துங்கள். குறுக்கே ஒருமுறை, நெடுக்கே ஒருமுறை, இப்படி ஐந்தாறு தடவை. துடைத்து, தண்ணீர் கலந்த ஐசோபுரொப்பைல் அல்கஹோல் தெளித்துத் துடைத்த பிறகுதான் டோர்ச்சில் பார்க்க வேண்டும். இல்லையென்றால் பொலிஷ் எண்ணெய் உங்களையும் ஏமாற்றும், அந்தக் கடை என்னை ஏமாற்றிய மாதிரி.

இப்போது என் குறைக்கு வருகிறேன். இந்த மெசின் வளைவில் நின்றுவிடுகிறது. மோட்டார் தருவது ஆட்டத்தை மட்டும். சுழற்சி தானாக வருவது. பேட்டின் ஒரு பக்கம் கொஞ்சம் அழுந்தினால் போதும், சுழற்சி நின்றுவிடும். சத்தமோ அப்படியே வரும், கையும் அதிரும். வேலை நடக்கிறது என்று நினைத்துக்கொண்டு நிற்போம், கோடுகள் அசையாமல் கிடக்கும். முதல் நாள் முன் பம்பரில் ஒன்றரை மணி நேரம் இப்படிப் போனது. அப்புறம் தட்டின் விளிம்பில் மார்க்கரால் ஒரு கோடு போட்டேன். கோடு சுற்றினால் வேலை நடக்கிறது, நின்றால் நடக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கோட்டிலிருந்து கண்ணை எடுத்ததே இல்லை. கதவுக் கைப்பிடியின் குழி, பின் வீல் மேலே வரும் மடிப்பு, பக்கக் கண்ணாடியின் மூடி, எல்லா இடத்திலும் நிற்கும். பிரஷ் மாற்றினால் சரியாகும் என்று நம்பினேன். சனிக்கிழமை பம்பரில் வைத்துப் பார்த்தேன். நின்றது. அகல வீச்சு மெசின்களின் குணமே இது, மூன்று அங்குலச் சின்ன பேட் இருந்தால் ஓரளவு தப்பலாம் என்று இப்போது தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு முறையும் எரிச்சல் வருகிறது.

ஆனால் தட்டையான இடத்தில் இதை நான் எந்தக் குறையும் சொல்ல முடியாது. பொனட், கூரை, டிக்கி மூன்றும் இரண்டரை வருடத்தில் ஒரே ஒரு முறை மட்டும் லேசாகத் தொட்டவை. இரவில் டோர்ச் பிடித்தால் ஒரு புள்ளி வெளிச்சம் மட்டும் ஆழத்தில் தெரியும், சுற்றி ஒன்றுமில்லை. தாமாகச் சுழற்சி நிற்கும் மெசின் என்பதால் பெயின்ட்டைச் சுட்டுவிடும் பயமும் குறைவு. நான் திட்டும் அதே குணம்தான் முதல் தடவை செய்கிற என்னைக் காப்பாற்றியது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பேட் ஐந்தாறு வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் கழுவிய பேட் ஹட்டனில் மூன்று நாளானாலும் காயாது. வேலையைப் பெப்ரவரி, மார்ச்சுக்கு வைப்பதே நல்லது. தண்ணீர் விஷயத்தில் நாம் கொடுத்துவைத்தவர்கள். யாழ்ப்பாணத்து நண்பர் சுண்ணாம்புத் தண்ணீரின் வெள்ளைப் புள்ளிகளோடு மல்லுக்கட்டுகிறார். நமக்குப் பீலித் தண்ணீர், கழுவிக் காய்ந்தாலும் பெரிதாகக் கறை விடாது.

சரி, வாங்கலாமா? வேண்டாம். இவ்வளவு நல்லது சொன்ன பிறகும் என் பதில் இதுதான். அந்த பம்பரின் முன்னால் இன்னொருவர் முழங்காலில் உட்கார்ந்து சுற்றாத தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பதை என்னால் சகிக்க முடியாது. வாங்கத்தான் வேண்டும் என்றால் வீச்சு குறைந்த 8 மில்லிமீட்டர் மெசினாகப் பாருங்கள். என்னுடையதை விற்பீர்களா என்று மட்டும் கேட்காதீர்கள், அது நடக்காது.

அடுத்த போயா லீவுக்குக் காரை எடுத்துக்கொண்டு ஹட்டனுக்கு வாருங்கள். வரும் வழியில் எங்கேயும் கழுவக் கொடுக்க வேண்டாம், காலைப் பனியையும் துடைக்க வேண்டாம். சேறோடு கொண்டுவாருங்கள். இரண்டு வாளியில் தண்ணீர் எடுத்துவைக்கிறேன், கழுவுவதிலிருந்து தொடங்குவோம்.