லிங்க்ட்இன் புரொஃபைல்: உழைப்பைக் காட்ட எது உதவும்?

வேலை, தொழில் தொடர்புகளுக்கான தளமான லிங்க்ட்இன்னில், பெயருக்குக் கீழே வரும் ஹெட்லைனுக்கு 220 எழுத்து இடம். அதில் 'கடின உழைப்பாளி, நேர்மையானவர்' என்று போடுவது வீண். எல்லோரும் அதைத்தான் போடுகிறார்கள். உங்களைப் பற்றிச் சொல்லும் அபவுட் பகுதி 2,600 எழுத்து தாங்கும், ஆனால் திறக்காமலே தெரிவது முதல் சில வரிகள்தான். சாரமான விஷயம் அங்கேயே வரட்டும்: 'கிடங்கில் தினமும் 300 பார்சல் சரிபார்ப்பு, எட்டு மாதத்தில் ஒரு நாள்கூட கணக்கு உதைக்கவில்லை.' பொறுப்பானவர் என்பது சொல்லாமலே விளங்கிவிடும்.

இந்தத் தளத்தில் உருப்படியான வசதி ரெக்கமண்டேஷன், அதாவது உங்கள் வேலையைப் பற்றி மற்றவர் எழுதித் தரும் பரிந்துரை. நேரடித் தொடர்பில் உள்ளவர்தான் எழுத முடியும். நீங்கள் ஒப்புக்கொண்டால்தான் புரொஃபைலில் ஏறும், பிடிக்காவிட்டால் திருத்தித் தரக் கேட்கலாம். பலர் வெறும் கோரிக்கையைத் தட்டிவிட்டு 'நல்ல மனிதர்' என்ற ஒற்றை வரியை வாங்கிக்கொள்கிறார்கள். கோரிக்கையோடு போகும் செய்தியில் எந்த வேலை, அன்று என்ன நெருக்கடி என்று இரண்டு வரி நினைவூட்டுங்கள். மேலாளர் ஒருவர், கூட வேலை பார்த்தவர் ஒருவர் போதும். என்டோர்ஸ்மென்ட்? நீங்கள் பட்டியலிட்ட திறமைக்கு, தொடர்பில் உள்ள யாரும் ஒரு கிளிக்கில் தரும் ஒப்புதல், மதிப்பும் அவ்வளவுதான்.

வேலை தேடுகிறேன் என்று காட்ட புரொஃபைல் படத்தில் போடும் 'ஓப்பன் டு வொர்க்' பச்சை வளையம் இப்போதைய முதலாளி கண்ணிலும் படும். ரெக்ரூட்டர்களுக்கு (வேலைக்கு ஆள் எடுப்பவர்களுக்கு) மட்டும் தெரியும்படி மாற்றலாம். அப்போதும் முழு ரகசியத்துக்கு லிங்க்ட்இன் உத்தரவாதம் தருவதில்லை.