டிஎல்டி மாத்திரை: மருந்துக்கு முழு மதிப்பெண், டப்பாவுக்குப் பாதி

அரசு ஏஆர்டி (எச்.ஐ.வி. கூட்டு மருந்து சிகிச்சை) மையங்களில் எச்.ஐ.வி. சிகிச்சைக்கு இன்று பெரும்பாலானோருக்கு இலவசமாகக் கிடைப்பது டிஎல்டி. டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம், மூன்றும் ஒரே மாத்திரையில், நாளுக்கு ஒன்று. 2004 ஏப்ரலில் தாம்பரம் உட்பட எட்டு மருத்துவமனைகளில் இலவச மருந்து தொடங்கிய காலத்தில் தினம் இரண்டு வேளை போட வேண்டியிருந்தது. பிறகு வந்த எஃபாவிரென்ஸ் கலவையில் ஒரே வேளைதான், ஆனால் தலைசுற்றலும் கெட்ட கனவும் சேர்ந்து வரும். இரவில் லாரி ஓட்டுகிறவர் அதைத் தள்ளிப்போட்டதில் என்ன ஆச்சரியம்? டிஎல்டியில் அந்தத் தொல்லை வெகு குறைவு. வெறும் வயிற்றிலும் போடலாம். தூக்கம் கெட்டால் காலை வேளைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

மறந்துவிட்டால், நினைவு வந்ததும் போடலாம். அடுத்த வேளைக்கு நான்கு மணி நேரம்கூட இல்லையென்றால் அதை விட்டுவிட வேண்டும். இரண்டைச் சேர்த்துப் போடக்கூடாது.

இதன் பலவீனம் வயிற்றில்தான். மெக்னீசியம், அலுமினியம் கலந்த அமிலநீக்கிகளோடு (ஜெலுசில், டைஜின் வகை) டோலுடெக்ராவிர் ஒட்டிக்கொண்டு ரத்தத்தில் சரியாகச் சேராமல் போய்விடும். அவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்போ, ஆறு மணி நேரம் பின்போ டிஎல்டி போட வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதே கணக்கு; சாப்பாட்டோடு என்றால் மட்டும் சேர்த்தே போடலாம். இரும்பு சேர்ந்த அயச்செந்தூரம், கால்சியம் சேர்ந்த சங்கு பற்பம் சாப்பிடுகிறவர்கள் அதையும் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். 'நாட்டு மருந்துதானே' என்று பலர் சொல்வதில்லை.

அடுத்தது டப்பா. குலுங்கினால் சத்தம் போடும், லேபிளில் மருந்தின் பெயர் இருக்கும். கூட்டுக் குடும்பத்திலும் விடுதி அறையிலும் இதுவே பெரிய தடை. மாத்திரைகளை மொத்தமாகக் காகிதத்தில் மடித்தால் ஈரம் ஏறிவிடும். சத்தம்தான் பிரச்சினை என்றால் மூடிக்கு அடியில் கொஞ்சம் பஞ்சு வைத்தால் அடங்கும். ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை எறிந்துவிடக்கூடாது.

மாதத்துக்கு 30 மாத்திரை. இரண்டு தவறினாலே, ஒழுங்காகப் போடுவதற்கு மையங்கள் வைத்திருக்கும் 95 சதவீத அளவுக்குக் கீழே போய்விடும். மையத்தில் மீதி மாத்திரையை எண்ணுவார்கள். திட்டுக்குப் பயந்து மிச்சத்தைக் கொட்டிவிட்டு வருபவர்கள் உண்டு. எண்ணிக்கை சரியாக இருக்கும், வைரல் லோட் (ரத்தத்தில் வைரஸின் அளவு) மட்டும் ஏறும். திட்டுகிற மையம் தன் கணக்கைத் தானே கெடுத்துக்கொள்கிறது என்பேன். தவறியதைச் சொன்னால் ஆலோசகர் நேரத்தை மாற்றித் தரலாம். மருந்து வாங்க ஒருநாள் கூலி போகிறதென்றால், நிலையாக இருப்பவர்களுக்குச் சில மாத மருந்தைச் சேர்த்துத் தரும் ஏற்பாட்டையும், ஊருக்குப் பக்கத்திலேயே மருந்து தரும் இணைப்பு மையத்தையும் கேட்டுப் பார்க்கலாம்.

காசநோய்க்கு ரிஃபாம்பிசின் தொடங்கினால் ஒரு டிஎல்டி போதாது. 12 மணி நேரம் கழித்து டோலுடெக்ராவிர் 50 தனியாக இன்னொன்று வேண்டும். மெட்ஃபார்மின் சாப்பிடும் சர்க்கரை நோயாளிகளுக்கு அதன் அளவு பொதுவாக நாளுக்கு 1000 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. ஹெபடைடிஸ் பி-யும் இருப்பவர்கள் டிஎல்டியைத் தாமாக நிறுத்தினால் கல்லீரல் அழற்சி திடீரென்று கிளம்பலாம்.