அழிந்த கணக்கும் போட்டோரெக்கும்

போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறேன். டிஸ்க்கில் இடம் இல்லை என்று முதலாளி மகன், வண்டன்மேட்டுத் தோட்டக்காரர்களின் பற்றுவரவு ஃபோல்டரை ஷிப்ட்-டெலீட் போட்டுவிட்டான். ரீசைக்கிள் பின்னுக்கே போகாது அது. முதலாளி பூஜை அறைக்குப் போனார். நான் கம்ப்யூட்டரை அணைத்தேன்.

அழித்த ஃபைல் ஹார்ட் டிஸ்க்கில் உடனே மறைவதில்லை. அந்த இடம் காலி என்று குறிக்கப்படும், அவ்வளவுதான். மேலே வேறு எதுவும் பதிவாகாத வரை மீட்கலாம். அதனால் மீட்பு மென்பொருளை அதே டிஸ்க்கில் இறக்கவே கூடாது. டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி, போட்டோரெக் என்ற மீட்பு மென்பொருளை ஓடவிட்டேன்.

பெயரில்தான் போட்டோ; எக்செல், பிடிஎஃப் எல்லாமே எடுக்கும். இலவசம். பழைய டிஸ்க்கிலிருந்து படிக்க மட்டும் செய்யும், எழுதாது. மீட்டதை வேறு டிஸ்க்கில் சேமிக்க வேண்டும். 'ஃப்ரீ' என்பதைத் தேர்ந்தால் காலி இடத்தில் மட்டும் தேடும்.

குறை? ஃபைல் பெயர்கள் வராது. எஃப் எழுத்தும் நீள எண்ணுமாகக் குவியும். யார் கணக்கு எது என்று திறந்து திறந்து பார்த்ததில் கண் பூத்துவிட்டது. பையனையும் பக்கத்தில் உட்கார வைத்தேன், சும்மா விடுவதா? பெயரோடு வேண்டுமென்றால் கூடவே வரும் டெஸ்ட்டிஸ்க் என்ற மென்பொருளை முதலில் முயலுங்கள்.

கணக்கு பெரும்பாலும் கிடைத்தது. ஆனால் சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் இந்த நம்பிக்கை வேண்டாம். டிரிம் வசதி அழித்ததைச் சீக்கிரமே துடைத்துவிடும். டிஸ்க் டக் டக்கென்று சத்தம் போட்டால் எந்த மென்பொருளும் ஓட்டாமல் நிறுத்திவிட்டு, மீட்பு லேப் வைத்திருப்பவரிடம் கொடுங்கள்.