ஆச்சரியத் துணுக்குகள்: நாள்பட்ட உபயோகத்தில் எது தேறும், எது பல்லிளிக்கும்?

ஒரு துணுக்கைக் கேட்டதும் வாயில் வரும் ‘அட!’ முதல் நாள் பளபளப்புதான். அதை வைத்துச் சரக்கை எடை போட முடியாது. க்விஸ் மேடையில் பலமுறை இறக்கி, தோற்ற அணி ஆட்சேபம் கிளப்பி, நடுவர் சரிபார்த்து, அதற்கப்புறமும் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். சீனப் பெருஞ்சுவர் நிலாவிலிருந்து தெரியும் என்ற அப்பட்டமான புளுகால் இப்போது பெரிய தொல்லை இல்லை; 2003-இல் பூமியைச் சுற்றிவந்த சீன விண்வெளி வீரர் யாங் லிவெய்யே சுவர் கண்ணில் படவில்லை என்று சொல்லிவிட்டார். தொல்லை தருபவை பாதி சரியாக இருப்பவை. சொல்லிலோ அலகிலோ தேதியிலோ ஓர் இடத்தில் வழுக்கிவிடும்.

வெள்ளிக் கோளை எடுத்துக்கொள்வோம். ‘வெள்ளியில் ஒரு நாள் அதன் ஒரு வருடத்தைவிட நீளம்.’ அடிக்கடி புழங்கும் சரக்கு, கைதட்டலும் நிச்சயம். வெள்ளி தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 243 பூமி நாள். சூரியனைச் சுற்ற 225 நாள். கணக்கு சரிதானே என்று தோன்றும். ஆனால் வெள்ளி சுழல்வது எதிர்த்திசையில். அதனால் ஒரு நண்பகலுக்கும் அடுத்த நண்பகலுக்கும் இடைவெளி ஏறக்குறைய 117 பூமி நாள்தான். சாதாரணமாக நாம் ‘நாள்’ என்பது இதைத்தானே? வானியல் தெரிந்த ஒருவர் எதிரணியில் இருந்தால் கேள்வி அங்கேயே படுத்துவிடும். மாற்றி இப்படிக் கேளுங்கள்: ‘தன் அச்சில் ஒருமுறை சுழல ஆகும் நேரம், சூரியனை ஒருமுறை சுற்ற ஆகும் நேரத்தைவிட அதிகமாக உள்ள கோள் எது?’ கவர்ச்சி ஒரு மாற்றுக் குறையும்தான். ஆனால் யாராலும் கை வைக்க முடியாது. 117-ஐ அடுத்த சுற்றுக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரு வெள்ளி வருடத்துக்குள் கிட்டத்தட்ட இரண்டு பகலிரவு முடிந்துவிடும் என்பது மூலக் கேள்வியைவிடப் பெரிய ‘அட!’

அலகில் வழுக்கியதற்கு நெப்போலியன். 5 அடி 2 அங்குலம், அதனால் குள்ளன் என்று உலகமே சொல்லிவிட்டது. அது பழைய பிரெஞ்சு அளவு. பிரெஞ்சு அங்குலம் ஏறக்குறைய 2.7 செ.மீ., ஆங்கில அங்குலம் 2.54. 62 அங்குலத்தைப் பிரெஞ்சுக் கணக்கில் போட்டால் 168 செ.மீ. வருகிறது, ஆங்கிலக் கணக்கில் 157. பத்து செ.மீ. அப்படியே தொலைந்துபோகிறது. எண் இருக்கும் எந்தத் துணுக்கானாலும், அந்த அலகு எந்த நாட்டில், எந்தக் காலத்தில் புழங்கியது என்பதை முதலில் பார்ப்பது நல்லது.

அடுத்தது காலாவதி. எந்தக் கோளுக்கு நிலா அதிகம் என்ற கேள்வி பால் பாக்கெட் மாதிரி. 2019 அக்டோபரில் சனி 82 நிலாக்களோடு வியாழனைத் தாண்டியது. 2023 பிப்ரவரியில் வியாழன் 92 என்று முந்தியது. அதே வருடம் மே மாதம் சனி 145, பிறகு 146. 2025 மார்ச்சில் ஒரே மூச்சில் 128 சேர்ந்து 274. இதைத் தேதி போடாமல் கேள்வி அட்டையில் எழுதி வைப்பவர் மாட்டிக்கொள்வது உறுதி. எவரெஸ்ட் உயரமும் அப்படித்தான்: 2020 டிசம்பரில் 8848.86 மீட்டர் என்று அறிவித்தாகிவிட்டது. பழைய 8848-ஐ மட்டும் வைத்திருந்தால் தசமத்துக்குச் சண்டை வரும்.

கிளியோபாத்ராவுக்கும் காலாவதி உண்டு, ஆனால் நம் காலத்தில் இல்லை. கீசாவின் பெரிய பிரமிடு கி.மு. 2560 வாக்கில் கட்டியது. அவர் இறந்தது கி.மு. 30, மனிதன் நிலாவில் கால் வைத்தது 1969. பிரமிடைவிட நிலாப் பயணத்துக்குத்தான் அவர் பக்கம். ‘இன்றைய நாளுக்கு’ என்று கேட்டாலும் சுமார் கி.பி. 2500 வரை செல்லும். டைனோசர்களில் ஸ்டெகோசாரஸுக்கும் டி-ரெக்ஸுக்கும் நடுவே சுமார் 8 கோடி வருடம், டி-ரெக்ஸுக்கும் நமக்கும் 6.6 கோடி வருடம் என்பது இதைவிடக் கெட்டி. ஆக்டோபஸுக்கு மூன்று இதயம், நிண்டெண்டோ 1889-இல் சீட்டுக்கட்டு செய்த கம்பெனி: இரண்டும் எத்தனை தடவை போட்டாலும் தேயாதவை.

மேடையில் செய்து காட்ட நினைப்பவர்கள் பிறந்தநாள் கணக்கில் ஏமாறுகிறார்கள். 23 பேர் இருந்தால் இருவருக்கு ஒரே பிறந்தநாள் அமைய 50.7 சதவீத வாய்ப்பு. கணக்கு சரி. ஆனால் 23 பேரை வைத்துச் செய்தால் ஏறக்குறையப் பாதித் தடவை சொதப்பும் என்பதும் அதே கணக்குதான்! 40 பேர் இருந்தால் 89 சதவீதம், 57 பேருக்கு 99. அந்த அளவு கூட்டம் சேர்ந்த பிறகு இறக்குங்கள். ‘என் பிறந்தநாளில் யாரும் இல்லையே’ என்று ஒருவர் எழுவார். அது வேறு கேள்வி. அவருடைய தேதிக்கே ஆள் கிடைக்கும் வாய்ப்பு பாதியைத் தாண்ட, அவரைத் தவிர 253 பேர் வேண்டும்.

வேண்டுமென்றே நட்ட பொய்யும் உண்டு. ஃப்ரெட் வொர்த் என்பவர் தன் துணுக்குக் களஞ்சியத்தில், டிவி துப்பறிவாளர் கொலம்போவின் முதல் பெயர் ஃபிலிப் என்று ஒரு கற்பனையைச் சொருகி வைத்தார். காப்பியடிப்பவரைப் பிடிக்கத்தான். டிரிவியல் பர்சூட் விளையாட்டின் அட்டையில் அதே ஃபிலிப் வந்து நின்றது. 1984-இல் 30 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார், தோற்றார். தகவலுக்குக் காப்புரிமை இல்லை என்பது சட்டம். ஆகவே பத்து இடத்தில் ஒரே தகவல் இருப்பது பத்துச் சாட்சி ஆகாது. பத்தும் ஒரே கிணற்றுத் தண்ணீராக இருக்கலாம்.

திருத்தத்துக்கே திருத்தம் வரும் கேஸ், கீரை. தசமப்புள்ளி இடம் மாறியதால்தான் பசலைக் கீரையின் இரும்புச்சத்து கணக்கில் பத்து மடங்கு ஏறியது என்று புத்திசாலிகள் மற்றவர்களைத் திருத்துவார்கள். 2010-இல் மைக் சட்டன் என்ற குற்றவியல் ஆய்வாளர் அந்தத் தசமப்புள்ளிக் கதையைத் தேடிப் போனார். ஆதாரம் எதுவும் அகப்படவில்லை. ‘எல்லோரும் நினைப்பது தப்பு’ என்று தொடங்கும் துணுக்கை இரண்டு மடங்கு சோதிக்க இதுவே காரணம்.

சினிமா வசனங்களை வாயால் சொல்லிப் பார்த்து நம்ப வேண்டாம், படத்தைப் போட்டுக் கேளுங்கள். 1980-இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தில் டார்த் வேடர் சொல்வது ‘நோ, ஐ ஆம் யுவர் ஃபாதர்’. எல்லோரும் சொல்லும் ‘லூக், ஐ ஆம் யுவர் ஃபாதர்’ படத்தில் கிடையாது.

அட்டை எழுதும் முறை இதுதான். ஒரு அட்டைக்கு ஒரு தகவல். முன்பக்கம் கேள்வி. பின்பக்கம் விடை, அலகு, சொல்லின் வரையறை, சரிபார்த்த மாதமும் வருடமும். எண்ணில் ஒருமித்த கருத்து இல்லையென்றால் எண்ணைக் கேட்காதீர்கள்: வரலாற்றிலேயே மிகக் குறுகியது எனப்படும், 1896 ஆகஸ்ட் 27-இல் நடந்த ஆங்கில–சான்சிபார் போர் 38 நிமிடம் என்றும் 45 என்றும் எழுதுகிறார்கள். நிமிடத்தை விட்டுவிட்டு, எந்த இரண்டு தரப்புக்கு நடுவே நடந்தது என்று கேட்டால் ஆட்சேபம் வராது. நிலாக் கணக்கு அட்டைக்கு மட்டும் பென்சில்.